ஒப்புரவு: ஒரு சொல்லும் இரு படைப்புகளும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் முதலிய காப்பியங்களின் நலத்தையும், மேலை நாட்டுத் தொண்டர்கள் உரைநடைக்கும் அகராதிக்கும் ஆற்றிய பணியையுமே விரித்துரைத்துள்ளனர். அவ்வாராய்ச்சி போற்றுதற்குரியது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் தோன்றிய கிறித்தவ எழுத்து வேறு வினாக்களை எழுப்புகின்றது. சேரி மக்களுக்கும் அவர்களை ஒடுக்கிய ஊருக்கும் இடையே ஒப்புரவு எவ்வாறு நிகழும்? அவ்வொடுக்குமுறைக்குத் தன் மதிலுக்குள்ளும் இடந்தந்த திருச்சபை அவர்களோடு ஒப்புரவாதல் எங்ஙனம்? உள்ளத்திற் பட்ட புண் எதனால் ஆறும்? இவ்வினாக்களை முன்வைத்த படைப்புகளுள் இரண்டினை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று, 1992-இல் மதுரைச் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்ட பாமாவின் 'கருக்கு'. மற்றொன்று, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையில் அமைத்த வழிபாடும் பாடல்களும்.

இவ்விரண்டும் 'ஒப்புரவு' என்னும் சொல்லுக்கு அதன் பழந்தமிழ்ப் பொருளை மீட்டுத் தருகின்றன என்பதும், அப்பொருளின்படி ஒப்பு இல்லாத இடத்தில் ஒப்புரவு இல்லை என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லின் வரலாறு

திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. உலக நடையினை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதல் என்று பரிமேலழகர் அதற்குப் பொருள் காண்பர். கைம்மாறு கருதாது பிறர்க்கு உதவும் கடப்பாடே அவ்வதிகாரத்தின் உள்ளீடு. அங்கு வள்ளுவர் காட்டும் உவமைகள் மூன்று: ஊரார் பருகும் ஊருணி நிறைதல், ஊரின் நடுவே பயன்மரம் பழுத்தல், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் நிற்றல். ஒன்று நீர், ஒன்று உணவு, ஒன்று மருந்து. மூன்றும் ஊருக்குப் பொதுவானவை என்பது நோக்கற்பாலது. ஒப்புரவாளன் கையில் உள்ள பொருள் அவனுக்கே உரியதன்று, ஊர்ப்பொது என்பதே இம்முன்றுவமையின் குறிப்பாம்.

விவிலியத்தைத் தமிழாக்கியோர் இச்சொல்லை வேறொரு கிரேக்கச் சொல்லுக்கு நேராக வைத்தனர். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வரும் 'கதல்லாசோ' என்னும் வினை, மாற்றுதல், கைமாறுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. பகைநிலை நட்புநிலையாக மாறுதலை அது குறிக்கும். இலத்தீன் மொழியார் இதனை மீண்டும் ஒன்றுகூட்டுதல் என்னும் பொருள்படும் சொல்லால் பெயர்த்தனர். மேலை மொழிகள் பலவும் அவ்வழியே சென்றன. தமிழில் அமைந்ததோ 'ஒப்புரவாகுதல்'. 1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும் இச்சொல்லை விடாது போற்றியுள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையில் முன்பு 'பாவசங்கீர்த்தனம்' எனப்பட்ட அருட்சாதனம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் 'ஒப்புரவு அருட்சாதனம்' என வழங்கலாயிற்று. பாவத்தை எடுத்துக் கூறுதல் என்னும் பொருளுடைய பெயர் நீங்கி, உறவைக் குறிக்கும் பெயர் வந்தது.

இம்மூன்று மொழிகளின் சொற்களும் ஒரே பொருளன என்று கருதுதல் பொருந்தாது. இலத்தீன் சொல், முன்பு ஒன்றாய் இருந்தோர் இடையே பிரிந்தனர் என்றும், அவர்களை மீண்டும் கூட்டவேண்டும் என்றும் கொள்கின்றது. முன்பு ஒன்றாய் இருந்ததே இல்லை என்னும் மக்களுக்கு அச்சொல் எங்ஙனம் பொருந்தும்? கனடா நாட்டில் பூர்வகுடிச் சிறுவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி ஆராய 2008 முதல் 2015 வரை ஆணையம் ஒன்று இயங்கியது. அப்பள்ளிகளுட் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகளே. ஆணையத்தின் பெயரில் உண்மையும் ஒப்புரவும் இணைந்திருந்தன. அப்போது பூர்வகுடியினர் சிலர் எழுப்பிய வினா இதுவே: மீட்டெடுத்தற்கு முன்பு எந்த நல்லுறவு இருந்தது? தமிழ்ச் சொல்லில் 'மீண்டும்' என்னும் பொருள் இல்லை. அதன் முதனிலை 'ஒப்பு'. இருவர் ஒப்ப நிற்றலே அதன் அடிப்படை. ஆகவே தமிழ்க் கிறித்தவர் தம் மொழியின் வாயிலாகவே பிற மொழியாளர்க்கு எளிதிற் கிட்டாத ஓர் உண்மையைப் பெற்றிருந்தனர். அவ்வுண்மையை அவர்கள் ஒழுக்கத்திற் கொண்டனரா என்பதே அடுத்து ஆராயற்பாலது.

2. மதுரைத் திருச்சபையும் சாதியும்

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நொபிலி துறவியர் கோலம் பூண்டு, வடமொழியும் தமிழும் கற்று, 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிர்ணயம்' முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். அவர்தம் முறையினைத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623-இல் ஏற்றார். தமிழ் உரைநடைக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அம்முறை சாதி வேறுபாட்டைச் சமுதாய வழக்கு என்று கொண்டு, அதனைத் தீண்டாது விட்டது. 1640 முதல் உயர்சாதியார்க்குத் துறவிக் கோலத்துக் குருக்களும், தாழ்த்தப்பட்டோர்க்குப் பண்டாரசாமிகளும் என இருவகைக் குருமார் இயங்கினர். ஒரே நற்செய்தி இரு வாயில்களின் வழியே புகுந்தது.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம் இவ்விரு வாயிலைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் காட்டிற்று. பீடம் ஒன்று. அதனை நோக்கிச் செல்லும் கூடங்கள் இரண்டு. ஒரு சாரார் மறுசாராரைக் காணாதவாறு இடையில் சுவர். அச்சுவர் 1910-இல் அகற்றப்பட்டது. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபம், கிறித்துவின் ஒப்புரவுப் பணியைக் கூறுமிடத்து, இரு மக்களைப் பிரித்து நின்ற நடுச்சுவர் தகர்ந்ததாகவே உருவகம் செய்கின்றது. அந்நிருபம் வாசிக்கப்பெறும் ஆலயத்தின் உள்ளேயே நடுச்சுவர் நின்றது என்பது எண்ணத்தக்கது.

1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனார் வேறு வழி சென்றனர். 1847-இல் அவர்கள் சாதி துறத்தலைத் திருச்சபையின் உறுப்பினர்க்குரிய கடப்பாடாக்கினர். உடனிருந்து உண்ணுதலே அதற்கு உரைகல்லாயிற்று. இதனால் பணியாளர் பலர் விலக நேர்ந்தது. உண்ணும் கலத்தின் வழியாகவே ஒப்பினை அளந்த இம்முறை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மதுரையில் வேறொருவர் வாயிலாகப் பாட்டாக வெளிப்பட்டதைப் பின்னர்க் காண்போம்.

சேரி மக்கள் தம்மை இந்நிலத்தின் பழங்குடியாகவே உணர்ந்தனர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அவர்களைப் பூர்வ பௌத்தர் என்று நிறுவ முயன்றார். 1922-இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. 'ஆதி' என்னும் அடைமொழி இரக்கம் வேண்டுவது அன்று, உரிமை கூறுவது. விடுதலைக்குப் பின் 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, அட்டவணைச் சாதியார்க்குரிய சலுகையை இந்துக்களுக்கு வரையறுத்தது. பின்னர்ச் சீக்கியர்க்கு 1956-இலும், பௌத்தர்க்கு 1990-இலும் அது விரிக்கப்பட்டது. கிறித்தவரான ஆதிதிராவிடர் அதன் புறத்தே நின்றனர். சமயம் மாறியதால் சாதி நீங்கிற்று என்று சட்டம் கூறியது. நீங்கவில்லை என்று கல்லறைத் தோட்டமும் சேரித் தெருவும் கூறின. இந்நிலையிலேதான் 'கருக்கு' தோன்றிற்று.

3. 'கருக்கு': நீரும் சோறும்

மதுரைக்குத் தென்மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூர் இந்நூலின் களம். பனைமட்டையின் இருபுறமும் அமைந்த கூரிய பற்களே கருக்கு. ஆசிரியர் முன்னுரையில் அதனோடு எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் கூறும் இருபுறமும் கூரிய வாளை இணைத்துக் காட்டுகின்றார். பனங்காட்டுப் பொருளும் மறைநூற் பொருளும் ஒரு சொல்லிற் பொருந்துகின்றன. உழைக்கும் கையைக் கீறுவதும் கருக்கே. ஒடுக்குமுறையை அறுப்பதும் கருக்கே.

நூலின் தொடக்கப் பகுதியில் நிலவுடைமையாளர் வீட்டில் வேலை செய்யும் பாட்டியைக் காண்கின்றோம். குடிக்கும் நீர் உயரத்திலிருந்து ஊற்றப்படுகின்றது. பாட்டி கைகளைக் குவித்து ஏந்திக் குடிக்கின்றார். முந்தைய நாள் மிஞ்சிய சோறு, பாத்திரத்தில் படாதவாறு மேலிருந்து கொட்டப்படுகின்றது. அதனைக் கண்டு கொதிக்கும் பேத்தியிடம் பாட்டி, அவர்கள் அளிப்பதால்தானே நம் வயிறு நிறைகின்றது என்னும் கருத்துப்படப் பேசுகின்றார்.

இக்காட்சியினை இரக்கத்துக்குரியதாக மட்டும் படிப்போர் அதன் முழுப்பொருளை இழப்பர். ஒப்புரவறிதலின் உவமைகளை இதன் அருகே வைத்துக் காண்க. ஊருணி என்பது ஊர் உண்ணும் நீர். எனின், 'ஊர்' என்பதில் சேரி அடங்குமா? மதுரைச் சமவெளியில் ஊரும் சேரியும் இரண்டு. ஊருணியும் குடத்துக்கு ஏற்பப் பிரிந்ததே. பாட்டியின் கையில் விழும் நீரும், அவர் கலத்தில் விழும் சோறும் உதவியே அல்லவா என்று கேட்பார் உளர். உதவியாம், ஒப்புரவு ஆகாது. கொடுப்பவன் கையும் கொள்பவன் கையும் ஒரே உயரத்தில் இல்லாத கொடையைத் தமிழ் வேறு பெயரால் அழைக்கும். நீர் விழும் அந்த உயரமே இந்நூல் அளக்கும் அநீதி என்க.

பாட்டியின் நன்றியுணர்வைப் பேதைமை என்று ஆசிரியர் இகழவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. ஒடுக்கப்பட்டோர் தம் ஒடுக்குமுறையையே அருளாகக் கொள்ளும்வரை புண் வெளியே தெரிவதில்லை. தெரியாத புண்ணுக்கு மருந்தும் இல்லை. பேத்தியின் சினம், புண்ணைப் புண்ணென்று அறியும் முதல் அறிவாகின்றது.

4. யார் சொல்லுதல், யார் கேட்டல்

பள்ளியில் தேங்காய் திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட சிறுமி, பங்குக் குருவிடம் சென்று முறையிடும் பகுதி இந்நூலின் நடுநரம்பு எனலாம். சேரியைச் சேர்ந்தவள் என்பதால் அவளே செய்திருக்கக் கூடும் என்று அவர் முடிவு செய்கின்றார். பாவம் இன்னதென்று அறிவிக்கப்படுவதற்கு முன்பே பாவி இன்னார் என்று முடிவு செய்யப்படுகின்றது. பின்னர்த் துறவற மடத்தில் சேர்ந்த ஆசிரியர், அங்குப் பணிவு, பொறுமை, சாந்தம் ஆகிய குணங்களையே கடவுட் குணங்களாகக் கேட்கின்றார். மறைநூலிலுள்ள நீதியும், ஏழைகளின் பொருட்டு எழுந்த சினமும் பேசப்படவில்லை என்று காண்கின்றார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் 1992-இல் மடத்தை விட்டு வெளியேறுகின்றார்.

இவற்றை நோக்கித் திறனாய்வாளர் பலர் 'கருக்கு' நூலைத் திருச்சபைக்கு எதிரான குற்றப்பத்திரிகை என்று வகைப்படுத்தினர். வேறு சிலர் தன்வரலாறு என்றும், தலித் இலக்கியத்தின் முன்னோடி என்றும் கூறி அமைந்தனர். இவை பொய்யல்ல, ஆயினும் நூலின் வடிவத்தை விளக்கப் போதா. இதன் வடிவம் பாவசங்கீர்த்தனத்தின் வடிவத்தைத் தலைமாற்றியதாகும் என்பது எம் துணிபு. பாவசங்கீர்த்தனத்தில் பாவி முழந்தாளிட்டுச் சொல்வான். குரு அமர்ந்து கேட்பார். இங்கோ இழைக்கப்பட்டவள் சொல்கின்றாள். கேட்கவேண்டிய இடத்தில் திருச்சபையும் ஊரும் நிறுத்தப்படுகின்றன. காலவரிசை பிறழ்ந்து, நினைவு வந்த வழியே மீண்டும் மீண்டும் சில செய்திகள் வருதலைக் குறை என்றோர் உண்டு. மனத்திலுள்ளதை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்வோர் பேச்சு அவ்வாறே அமையும் என்பதை அவர்கள் எண்ணிலர்.

இத்தலைமாற்றம் மறைநூலுக்கு முரணானதும் அன்று. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன்மீது சகோதரன் ஒருவனுக்குக் குறை உண்டு என்பது நினைவுக்கு வருமாயின், காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டுச் சென்று முதலில் ஒப்புரவாகுமாறு கூறப்படுகின்றது. அங்கு நடந்து செல்லவேண்டியவன் குறை உடையவன் அல்லன், குறைக்குக் காரணமானவனே. மதுரைச் சமவெளியில் நெடுங்காலமாக நடந்தது மறுதலை. குறை உடையோரிடமே பொறுமையும் மன்னிப்பும் கேட்கப்பட்டன. 'கருக்கு' அவ்வரிசையைத் திருத்துகின்றது.

வள்ளுவர் தீயால் வந்த புண்ணையும் சொல்லால் வந்த வடுவையும் வேறுபடுத்திக் கண்டவர். சாதிச் சொல்லால் விழுந்த வடு மருந்தால் மறைவதன்று. சொல்லுக்குச் சொல்லே மருந்தாதல் வேண்டும். எழுதியதே தமக்கு ஆற்றுதலாயிற்று என்று ஆசிரியர் பின்னாளில் கூறியிருத்தல் இதனை உறுதிசெய்கின்றது. அந்த மருந்து சேரியின் பேச்சுமொழியாலேயே ஆயது என்பதும் உடன் கருதற்பாலது. தெ நொபிலியார் காலம் முதல் கிறித்தவத் தமிழ் கற்றோர் வழக்கை நாடிச் சென்றது. இகழப்பட்ட பேச்சிலேயே ஒரு நூல் முழுவதையும் எழுதுதல், அப்பேச்சுக்கு உரியோரை ஒப்ப நிறுத்தும் செயலாகும். 2000-இல் இலட்சுமி ஓம்சுட்ரோம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக இந்நூல் உலகின் பல பல்கலைக்கழகங்களில் பயிலப்படுகின்றது.

5. ஒரே உலை

மக்களால் 'பறட்டை அண்ணன்' என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு தென்னிந்தியத் திருச்சபையின் குரு, இசைப்புலவர், 2005-இல் மறைந்தார். அவர் பணியாற்றிய கல்லூரி 1969-இல் தொடங்கப்பெற்றது. கீர்த்தனையும் மேலை இசைப்பாட்டும் ஆண்ட வழிபாட்டில் அவர் கிராமத்து மெட்டுகளையும் பறை முழக்கத்தையும் பேச்சுத் தமிழையும் புகுத்தினார். இறப்பு வீட்டுக்கும் இழிவுக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்ட பறை, திருப்பீடத்தின் முன் ஒலித்தது. கருவி உயர்த்தப்பட்டபோது அதனை இசைத்தோரும் உடன் உயர்ந்தனர். சோயி செரினியன் என்னும் அமெரிக்க இசையாய்வாளர் 2014-இல் வெளியிட்ட நூல் இப்பணியை விரிவாக ஆராய்கின்றது.

அப்பாவுவின் சிந்தனையில் நடுநாயகமாய் விளங்குவது 'ஒரே உலை' என்னும் கருத்து. ஓர் உலையில் பொங்கி உண்போரே ஒரு குடும்பத்தார் என்பது நாட்டுப்புற வழக்கு. சொத்துப் பிரிவதை உலை பிரிவதாகவே கூறுவர். கடவுளைப் பெற்றவராகவும், மக்கள் யாவரையும் அவர் பிள்ளைகளாகவும் கண்ட அவர், திருவிருந்தை ஒரே உலையில் பொங்கிய சோற்றைப் பகிர்ந்துண்ணுதலாக விளக்கினார். இதனை 1847-இல் மதுரையில் எழுந்த உடனுண்ணல் வழக்கோடு ஒப்பிடுக. அங்கு உடனுண்ணல் மேலிருந்து வந்த விதி. இங்கு அது கீழிருந்து எழுந்த பாட்டு. 'கருக்கு' காட்டும் சோறு மேலிருந்து விழுந்தது. அப்பாவு காட்டும் சோறு பொது உலையிலிருந்து எடுக்கப்படுவது. முன்னது நோயைக் காட்ட, பின்னது நலத்தைக் காட்டுகின்றது. இவ்விரண்டினையும் சேர்த்துப் படிப்போர்க்கே ஒப்புரவின் முழு உருவம் புலனாகும்.

6. தடையும் விடையும்

'திருச்சபையின் பணி ஆன்மாவை ஆற்றுதல். நீதி அரசின் பணி' என்பது ஒரு தடை. உள்ளத்தின் புண் சாதிச் சொல்லாலும் பிரிந்த கல்லறையாலும் வந்ததாயின், அவற்றை நீக்காது அப்புண்ணை ஆற்றுதல் முள்ளை எடுக்காமல் மருந்து கட்டுதலை ஒக்கும். மற்றொரு தடை, 'கருக்கு' கசப்பான நூல், கசப்பு ஒப்புரவுக்குப் பகை என்பது. வேம்பும் கசப்பதே, அம்மைத் தெருவில் முதலில் கட்டுவது வேப்பிலையையே.

எனினும் இவ்விரு படைப்புகளுக்கும் எல்லை உண்டு. 'ஒரே உலை' என்னும் கருத்து, உலையில் இடும் அரிசி யார் நிலத்தில் விளைந்தது என்னும் வினாவைப் பாட்டின் இனிமையில் மறக்கச் செய்யும் இடர் உடையது. வழிபாட்டில் ஒரு நாள் உடனுண்டு, மறுநாள் தெருவிற் பிரிதல் அரிதன்று. 'கருக்கு' நூலின் இறுதியில் ஆசிரியர் தம் மக்களிடம் திரும்புகின்றாரே அன்றித் திருச்சபையோடு ஒப்புரவு கொள்ளவில்லை. இதனை நூலின் முடிவின்மை என்பர் சிலர். நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டாத நேர்மை என்று யாம் கொள்வோம். ஒப்புரவுக்கு இருவர் வேண்டும்; நூல் ஒருவர் பங்கை முடித்தது; மற்றவர் பங்கு நூலுக்கு வெளியே உள்ளது. இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபையினுள் நிலவும் சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று ஏற்றமை அப்பங்கின் தொடக்கமாகலாம். ஏற்றல் சொல்லளவில் உள்ளது. கல்லறையிலும் கோவில் திருவிழாவிலும் பதவியிலும் அது செயலாதல் வேண்டும்.

திருச்சபைக்கு வெளியேயும் நிலை வேறன்று. மதுரை மாவட்டத்து மேலவளவில் ஒதுக்கீட்டுத் தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வேறு சிலரும் 1997-இல் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்து உத்தப்புரத்தில் சேரியைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6-ஆம் நாள் இடிக்கப்பட்டது. வடக்கன்குளத்துச் சுவர் வீழ்ந்து ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின்னரும் இடித்தற்கு ஒரு சுவர் இருந்தது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: ஒப்புரவு என்னும் சொல், குறளில் ஊர்ப்பொதுவான நீரையும் உணவையும் மருந்தையும் குறித்து, விவிலியத் தமிழில் பகை நீங்கிய உறவைக் குறித்தது. அவ்விரு பொருளும் மதுரையின் இவ்விரு படைப்புகளில் ஒன்றுபட்டன. அவை கற்பிக்கும் வரிசை, வள்ளுவர் உவமை வைத்த வரிசையே. முதலில் நீர் பொதுவாக வேண்டும். அடுத்துச் சோறு பொதுவாக வேண்டும். அதன்பின்னரே மருந்து பயன்படும். தமிழ்த் துறைகளில் கிறித்தவ இலக்கியம் பயில்வோர் காப்பியங்களோடு இவ்வெழுத்துகளையும் பாடமாகக் கொள்ளுதல் நலம். நம் மொழி நெடுங்காலம் காத்து வைத்துள்ள ஒரு சொல்லின் பொருள், சேரியின் நாவினால் மெய்ப்பிக்கப்பட்டதை அப்போது அவர்கள் காண்பர்.